வரிசையில் வந்தவர்

நீங்கள் நம்பப் போவதில்லை, தெரியும். நானும் நம்புகிற ஆள் இல்லை. காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவேன். லேப் டெக்னீசியன் நான், சோதித்துப் பார்த்தால்தான் எனக்கு எதுவும் உண்டு. ஆனால் இது பட்டப்பகலில் நடந்தது, நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் உங்கள் இஷ்டம்.

கொரோனா இரண்டாவது அலை. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். ஆபரேஷனுக்கு யார் வந்தாலும் மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்து, தொற்று இல்லை என்று தெரிந்தால்தான் தியேட்டர் கதவு திறக்கும். எடுப்பது நான். டோக்கன் சீட்டு கைமாறினால் தொற்றும் என்று மணிக்கட்டிலேயே மார்க்கரால் எண் எழுதிவிடுவேன். தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உடை, உள்ளே வியர்வை ஊற்றும், அந்த மாதம் எனக்கு மனிதர்களைக் கண்டாலே எரிச்சல்.

காலை பதினோரு மணிக்குக் கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் வரிசையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். புருஷன் வாசலில் வேனில் படுத்திருக்கிறானாம்.

"கொடல் எறங்கி மாட்டிக்கினு கல்லாட்டம் வீங்கிப்போச்சி சிஸ்டர். எழுந்திரிக்க முடியல. வேனாண்ட வந்து எடுங்க சிஸ்டர்."

அவள் மாஸ்க் கழுத்தில் தொங்கியது. வரிசையில் நின்றவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். அவசரத்துக்கென்றே கால் மணி நேரத்தில் முடிவு சொல்கிற கிட் என் மேசையில் இருந்தது. இருபது அடி நடந்திருந்தால் போதும். நான் நடக்கவில்லை.

"மொதல்ல மாஸ்க்க ஒழுங்கா போடு. இங்க எல்லாருக்கும்தான் அவசரம். வரிசையில வரச் சொல்லு" என்றேன். பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு, அவன் கையில் எழுத வேண்டிய 31-ஐ அவள் கையில் எழுதி அனுப்பிவிட்டேன்.

மூன்றரை மணிக்கு "முப்பத்தொண்ணு" என்று கூப்பிட்டேன். ஒருவர் நிமிர்ந்து நடந்து வந்து உட்கார்ந்து மணிக்கட்டை நீட்டினார். 31. என் கையெழுத்து, மூன்றின் வாலை நான் சுழிக்கிற அதே சுழி. நன்றாகத்தானே நடக்கிறான், பெண்டாட்டி காலையில் என்ன நாடகம் போட்டாள் என்று எனக்குக் கோபம். அந்தக் கோபத்தில் குச்சியை வேண்டிய அளவுக்கு மேலேயே வலது மூக்கில் செலுத்தினேன். நம்பினால் நம்புங்கள், அந்தக் குச்சி உள்ளே போனால் எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் கண்ணில் தண்ணீர் வரும். இவர் இமைக்கவே இல்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு வெறுப்பை எந்த முகத்திலும் நான் பார்த்ததில்லை. குச்சி நுனியில் ரத்தம் இருந்தது. டியூபில் போட்டு மூடிவிட்டு நிமிர்ந்தேன், நாற்காலி காலி.

மறுநாள் சாயங்காலம், சாம்பிள்களை நாங்கள் அனுப்புகிற பெரிய லேபிலிருந்து போன்.

"இன்னா மேடம், முப்பத்தொண்ணுல ஒண்ணுமே இல்ல. நோய் இருக்கா இல்லையான்றது அப்புறம், மனுஷனாண்ட எடுத்த சளின்னாவது மெஷின் காட்டணும் இல்ல? அதுவே வரல. குச்சிய மூக்குல வுட்டீங்களா, சும்மா டியூப்ல போட்டீங்களா?"

மறுபடி எடுக்க அந்த ஆளைத் தேடினேன். வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"வேன்ல வந்த மலைக்காரரா? அவரு நேத்து ஒரு மணிக்கே செத்துப் பூட்டாரும்மா, வேன்லயே. அப்பவே ஏத்திக்கினு போய்ட்டாங்க."

என் அலட்சியத்தால் ஓர் உயிர் போயிற்று, அதை நான் மறைக்கவில்லை. யாரோ ஒருவர் வரிசை மாறி உட்கார்ந்திருப்பார், சாம்பிள் கெட்டுப்போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டு மாதம் அதை நம்பவும் செய்தேன்.

அப்புறம் ஒருநாள் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறேன், அந்த மலைக்காரரின் பெண்டாட்டி நேராக என்னிடம் வந்தாள். அன்று நான் இருந்த கோலத்தில் என் கண்ணைத் தவிர எதையும் அவள் பார்த்திருக்க முடியாது, எப்படி அடையாளம் தெரிந்ததென்று இன்றுவரை தெரியவில்லை.

"அன்னிக்கி பொணத்த ஏத்திக்கினு மல ஏறிக்கினு இருக்கோம், மூணரை மணி இருக்கும்" என்றாள், குரலை உயர்த்தாமல். "செத்தவருக்கு வலது மூக்குல ரத்தம் வந்துச்சி. தொடச்சிப்பாத்தேன், நிக்கல. வரிசையில வரச் சொன்னியே, வந்தாரா?"