ஆமை அண்ணனின் பந்தய வண்டி

பிரேக்கை அவர் மிதிப்பதில்லை, அதனிடம் கேட்டுக்கொள்வார். வண்டி நின்றதே உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து மயானம் வரைக்கும் அமரர் ஊர்தி ஓட்டுகிறவர். பள்ளம் வந்தால் ஒரு சக்கரத்தை இறக்கி, அது ஊன்றிக்கொண்ட பிறகே அடுத்ததை இறக்குவார். பின்னால் ஹாரன் அடிக்கிறவனைக் கண்ணாடியில் பார்த்து, "நீ போப்பா, இவருக்கு அவசரமில்ல" என்று முணுமுணுப்பார். ஆஸ்பத்திரி வாசலில் அவருக்கு ஆமை அண்ணன் என்று பெயர். கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார், அதுவும் மெதுவாக.

அந்த மனிதருக்குத்தான் ஐம்பது வயதுக்கு மேல் வேகமாக ஓட்ட ஆசை வந்தது. குடும்பமே சக்கரத்தில் பிழைத்த குடும்பம்: அப்பா லாரி, பெரியப்பா பஸ், தாய்மாமன் ரோடு ரோலர். சித்தப்பா ஒருவர்தான் எதையும் ஓட்டாமல் மாமனார் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டவர். ஆனால் ஆசைக்காக ஓட்டியவர் அதில் யாருமில்லை. ஊருக்கு வெளியே ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு, கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரை அதில் ஓட்டலாம். கோப்பை, பரிசு ஒன்றும் கிடையாது. ஒரு வளைவை எவ்வளவு அழகாகத் திரும்பினோம் என்பது ஓட்டினவனுக்கும் அவன் வண்டிக்கும் மட்டும் தெரியும். வேலிக்கு வெளியே நின்று பார்த்துப் பார்த்தே அவருக்கு வளைவெல்லாம் மனப்பாடம்.

கார் தேடக் கூட வந்தவன் மெக்கானிக் மச்சான், மனைவியின் கடைசித் தம்பி. பெரிய இஞ்சின் வண்டிகளாகக் காட்டினான்.

"எடுத்தா சும்மா பறக்கும் மாமா."

"பறந்துட்டு எறங்கணும்ல மச்சான். இஞ்சின் பெருசானா டயரும் பெருசு, பிரேக்கும் பெருசு. என் சம்பளம் மட்டும் அதே சைஸ்."

ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் படுத்து, துரு இருக்கிறதா என்று விரல் கணுவால் தட்டிப் பார்ப்பார். எழுந்து முதுகு மண்ணை உதறிக்கொண்டு, வேண்டாம் என்பார். கடைசியில் எடுத்தது, ஒரு டீச்சர் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்குமாக ஓட்டிய சின்னக் கார். எடை குறைவு, துரு இல்லை, உதிரிப் பாகம் தெருவுக்குத் தெரு கிடைக்கும். மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, உன் புருஷன் தொட்டில் வாங்கியிருக்காரு."

பாரம் குறையட்டும் என்று பின்சீட்டு, தரைவிரிப்பு, பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் கழற்றினார். பின்சீட்டு வீட்டுக்குள் வந்து சோபாவானது. இஞ்சினுக்கு ஆயில் மாற்றியதோடு சரி. கையிலிருந்ததெல்லாம் பிரேக்குக்கும் டயருக்கும் போனது. "ஓடறத அப்புறம் பாக்கலாம், மொதல்ல நிக்கட்டும்" என்பார். சாயங்காலங்களில், நிற்கிற காரில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்புவார். மனைவி வாசலுக்கு வந்து, "எந்த வளைவுல இருக்கீங்க? சாப்பாடு ஆறுது" என்பாள்.

"ரெண்டுதான் பாக்கி. வந்துட்டேன்."

அந்த அம்மா போ என்றும் சொன்னதில்லை, போகாதே என்றும் சொன்னதில்லை. துணி தைக்கிறவள், பேச்சிலும் நூலை மிச்சம் பிடிப்பாள். வேகத்தில் போய்ச் சேர்ந்தவர்களை ஏற்றிவந்த நாட்களில் அவர் சாப்பிடாமல் படுத்துக்கொள்வதைப் பார்த்தவள். அவள் வாயால் சரி என்று வராமல் தடத்தில் சக்கரம் வைப்பதில்லை என்று அவர் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தார். கேட்கவும் பயம். வேண்டாம் என்றுவிட்டால் அதோடு போயிற்று.

கடைசியாக வந்தது நாலு பட்டை சீட் பெல்ட். தோளையும் இடுப்பையும் சேர்த்து இறுக்குவது. யாரோ பயன்படுத்தியது, மலிவாகக் கிடைத்தது. துடைத்து சோபாவில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். திரும்பி வந்தால் பெல்ட் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பக்கத்திலேயே தையல் கத்தரிக்கோல். அவர் காரை ஒரு பழைய போர்வையால் மூடினார். ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. மச்சான் வந்து விசாரித்தபோது, "உங்கக்கா சொல்லிட்டா" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரு நாள் காலையில், அவருடைய சட்டைக்குப் பித்தான் வைத்துக்கொண்டே மனைவி கேட்டாள்:

"புது பெல்ட் எப்ப வாங்கறீங்க?"

"நீதான் வெட்டிட்டியே."

"பழச வெட்டினேன். வெயில் பட்டு தையல் நூலெல்லாம் வெளுத்துப் போயி, நகத்தால கீறினா பொடியா உதிருது. வெட்டலேன்னா அதையே மாட்டிப்பீங்க. உங்க கஞ்சத்தனம் எனக்குத் தெரியாதா?"

"நான் போகக் கூடாதுன்னு வெட்டிட்டியோன்னு நெனச்சேன்."

"அத சொல்ல எனக்கு வாய் இல்லியா? ஒரு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டிருந்தது இதுக்குத்தானா?" நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். "போங்க. நானும் வரேன்."

அந்த ஞாயிறு தடத்தின் வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தவருக்கு, புதுப் பட்டை ஒவ்வொன்றையும் புரட்டி, தையலைத் தடவிப் பார்த்து, அவளே மாட்டி இறுக்கினாள்.

"மூச்சு விட முடியுதா?"

"கொஞ்சம் முடியுது."

"அது போதும்."

கதவைச் சாத்தினாள். கொடி பிடித்திருந்தவர் போகலாம் என்று கையசைத்தார். அவள் கை ஜன்னல் விளிம்பிலேயே இருந்தது. பின்னால் நின்ற கார்கள் உறுமின. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் நடைக்குத் தக்கபடி வண்டியை உருட்டினார். கூடவே நடந்தாள். தடம் தொடங்குகிற வெள்ளைக் கோடு வந்ததும் கையை எடுத்தாள்.