இருபத்து மூன்றும் இருபத்தேழும்

“எம் மவளுக்கு அளவு பாக்கத் தெரியலன்னு எழுதியிருக்கியளே டீச்சர், ஒங்களுக்குத் தெரியுமா?”

போன வருடம் அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம், மதிப்பெண் அட்டையை என் முகத்துக்கு நேராக நீட்டி, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய் இப்படிக் கேட்டார். மற்றொரு கையில் காலி பால் கேன். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் சேரன்மகாதேவி வயல்களில் கூலிக்கு நடவும் களையெடுப்பும் செய்து என்னை இயற்பியல் படிக்க வைத்தார்கள். பி.எட். முடித்து, ஆற்றங்கரை ஊர் ஒன்றின் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி?

பிள்ளைகளுக்கு அளவு படிக்கச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். அளவுகோலில் ஒன்று என்று எழுதிய இடத்திலிருந்து தொடங்குவான் ஒருவன். முனை உடைந்த அளவுகோல் என்றால் உடைந்த இடத்திலிருந்தே தொடங்குவாள் இன்னொருத்தி. இடைவெளியை எண்ணச் சொன்னால் கோட்டை எண்ணுவார்கள். ஒரே பென்சில், முப்பத்தொரு பேர், முப்பத்தொரு நீளம். வெப்பமானியைக் கையில் கொடுத்தால் முதல் வேலையாக அடியில் உள்ள குமிழைப் பொத்திப் பிடித்துச் சூடாக்கிவிட்டுத்தான் எண்ணைத் தேடுவார்கள். இதையெல்லாம்கூட ஒருவழியாகத் திருத்திவிட்டேன். அந்தத் தாயின் மகளிடம் மட்டும் தோற்றுப்போனேன்.

கணக்கில் கெட்டிக்காரி. அதிர்ந்து பேச மாட்டாள். அளவு உருளையில் இருபத்தைந்துக்கு இரண்டு கோடு கீழே தண்ணீர் நிற்கும். குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்குச் சரியாகக் கொண்டுவந்து, நிதானமாகப் பார்த்து, “இருபத்தேழு டீச்சர்” என்பாள். வெப்பமானியில் நாற்பதுக்கு இரண்டு கோடு கீழே என்றால் அவளுக்கு நாற்பத்திரண்டு. மேலேயிருந்து கீழே எண்ணிக் கூட்டிக்கொண்டே போவாள். “கீழேயிருந்து மேலே எண்ணு” என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியது. அதையே பத்து முறை எழுதிவரச் சொன்னேன். முத்து முத்தாக எழுதிவந்தாள். எழுதியதைக் காட்டிவிட்டுப் போய் மறுபடியும் இருபத்தேழு என்றாள். செய்முறையில் மூன்று முறை பூஜ்யம் போட்டேன்.

“நாளைக்குக் காலம்பற பால் சங்கத்துக்கு வந்து பாருங்க” என்று சொல்லிவிட்டு அந்தத் தாய் போய்விட்டார். போனேன். அவர் மகளுக்குத் தெரியாது என்று நிரூபிக்கத்தான் போனேன்.

சங்கத்தில் பாலின் தரத்தை எண்ணாகத் தானே காட்டும் பெட்டி பழுதாகி மூலையில் கிடந்தது. செயலாளர் அண்ணாச்சிக்குக் கண்புரை. அதனால் சில மாதங்களாகச் சீருடையோடு வந்து நின்று, என் மாணவிதான் பால்மானி பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாலில் மிதக்கவிடும் கண்ணாடிக் குழாய் அது. பால் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதுதான் அளவு. இருபத்தாறுக்குக் குறைந்தால் தண்ணீர் கலந்தது என்று கேனைத் திருப்பிவிடுவார் அண்ணாச்சி.

இரண்டு மூன்று கேன் போன பிறகு அவள் அம்மாவின் முறை வந்தது. “இருபத்தேழு” என்றாள். நான் குனிந்து பார்த்தேன். பாலுக்கு மேலே இருபத்தைந்து தெரிந்தது. அதற்கு இரண்டு கோடு கீழே பால். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“இல்லை. இருபத்து மூணு.”

அண்ணாச்சியின் பேனா நின்றது. “டீச்சரே சொல்லுதாவ” என்று கேனை ஒதுக்கி வைத்தார். வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல்: “அப்போ இத்தன நாளா ஆத்தாளுக்கு நாலு கூட்டிச் சொல்லியிருக்கு பிள்ள. நமக்கு எத்தன குறைச்சுதோ!” இன்னொருவர் சிரித்தார்: “பள்ளிக்கொடத்துல முட்டை வாங்குத பிள்ளையக் கொண்டாந்து நிறுத்துனா வேற என்ன வே நடக்கும்?”

அந்த முட்டையைப் போட்டவள் நான். ஒரு கேன் பாலோடு போகிற விஷயமாக அது தெரியவில்லை. பால் ஊற்றும் அத்தனை வீட்டுக்கும் முன்னால் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி கள்ளியாகிக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. குழாயை எடுத்தாள், துப்பட்டாவில் துடைத்தாள், என் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

“பூஜ்யம் எங்கன இருக்குன்னு பாருங்க டீச்சர்.”

மேலே இருந்தது. அங்கிருந்து ஐந்து, பத்து, பதினைந்து என்று எண்கள் கீழே இறங்கி இறங்கிக் கூடின. கெட்டியான பாலில் குழாய் உயர்ந்து மிதக்கும். அடியில் உள்ள எண்தான் பெரியது. மிதத்தல் விதியைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். பால்மானியை அதுவரை கையால் தொட்டதில்லை.

“தப்பாப் படிச்சிட்டேன். இருபத்தேழுதான்” என்றேன், அண்ணாச்சிக்கு மட்டும் கேட்கும்படி.

“சத்தமா சொல்லுங்க டீச்சர்” என்றார் தாய். “பின்னால நிக்கவங்களுக்கும் கேக்கட்டும்.”

சத்தமாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கடினமாக எந்த எண்ணையும் சொன்னதில்லை. வரிசை முடியும்வரை நின்று, ஒவ்வொரு கேனுக்கும் அவள் சொன்ன பிறகு நானும் குனிந்து பார்த்து அதையே உரக்கச் சொன்னேன். நாலைந்து கேன் ஆனதும் முணுமுணுப்பு அடங்கியது.

உருளையில் பூஜ்யம் அடியில்; அங்கே பால்மானி மாதிரி அவள் படித்தது தவறுதான். பூஜ்யங்களை நான் மாற்றவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் அட்டையில் ‘அளவு பார்க்கத் தெரியவில்லை’ என்று எழுதிய வரியை அடித்துக் கையெழுத்திட்டேன். பூஜ்யம் எங்கே இருக்கிறது என்று அதுவரை வகுப்பில் ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. கீழேயிருந்து எண்ணு என்று ஒரு சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்ட நாளிலேயே அவள் உருளையைச் சரியாகப் படித்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் எரிச்சல் வருகிறது.

அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. புதிதாக வந்திருக்கும் எட்டாம் வகுப்பு, வழக்கம்போல, ஒன்றிலிருந்து தொடங்குகிறது. ஒரு நாள் காலையில் இவர்களைச் சங்கத்துக்கு அழைத்துப்போய் அவளைக் கொண்டே சொல்லிக்கொடுக்க வைக்கிறேன் என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். “பால் வாங்கவா கூட்டிட்டுப் போறிய? பாடத்திட்டத்துல இல்லியேம்மா. காலாண்டு முடியட்டும், பாப்போம்” என்றார். சரி சார் என்றேன். பெற்றோர் சம்மதக் கடிதங்களை முந்தின நாளே பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பியதை அவரிடம் சொல்லவில்லை. இரண்டு மூன்று கடிதம் தவிர எல்லாம் கையெழுத்தோடு திரும்பி வந்துவிட்டன. மிச்சத்தை இன்று சாயங்காலம் நானே வீடு வீடாகப் போய் வாங்கிவிட்டேன். வருகிற வழியில் அண்ணாச்சியைப் பார்த்து, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வருகிறோம் என்றும் சொல்லிவிட்டேன்.