பட்டாவில் ஒரு பேர், நிலத்தில் ரெண்டு பேர்

பத்திரம் எழுதுகிறவனுக்கு ஊர் நிலமெல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். அவன் பேரில் ஒரு செண்ட்கூட இருக்காது. கும்மிடிப்பூண்டியில் ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரே நான் மேஜை போட்டது அறுபதுகளின் நடுவில். எழுபதுகளில் பாக்டரிகள் வர ஆரம்பித்ததும், அதுவரை வேர்க்கடலை மட்டும் விளைந்த மேட்டு நிலங்களுக்கெல்லாம் பெண் கேட்டு வருவதுபோல ஆள் வந்தார்கள். பாகம் பிரித்தும் பட்டா மாற்றியும் நொந்துபோன உங்களுக்கு மேலே சொல்லவேண்டியதில்லை. நான் எழுதிய பத்திரம் எதுவும் கோர்ட்டில் தோற்றதில்லை என்று இன்றைக்கும் மார்தட்டிக்கொள்வேன். அந்தப் பெருமையில் முக்கால்வாசி, குப்பம்மாள் என்ற பெண்ணின் பாதி நிலத்தைக் காப்பாற்றியதால் வந்தது. அதற்கு முன்னால் இரண்டு சின்ன விஷயங்கள்.

பெருமாள் கொடுத்தது

திருவள்ளூரிலிருந்து ஒரு ஸ்வாமி வந்தார். கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். குடும்பத்து இனாம் நிலத்தை ஒரு கம்பெனிக்கு விற்கவேண்டும் என்றார். பெருமாளே கொடுத்தது, ஏழு தலைமுறையாக அனுபவிக்கிறோம் என்றார். அவர் கொண்டுவந்த பழைய காகிதத்தைப் படித்துப் பார்த்தேன். கைங்கரியம் நடக்கிறவரை விளைச்சலை எடுத்துக்கொள்ள விட்ட நிலம் அது. "அனுபவிக்கிறது வேற, சொந்தம் வேற ஸ்வாமி. சாப்பிடலாம், விக்க முடியாது" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காகிதத்தை நிதானமாக மடித்து எடுத்துக்கொண்டு கேட்டார்: "அப்போ ஏழு தலைமுறையா பெருமாள் ஆத்துல நாங்க குடக்கூலிக்குத்தான் இருந்திருக்கோம், இல்லையா ஓய்?"

சமமான தரை

மெட்ராஸ்காரர் ஒருவர் கோடையில் தரகர் காட்டிய ஓர் இடத்தைப் பார்த்து மயங்கிவிட்டார். மேடு பள்ளம் இல்லாமல் பரந்து கிடக்கிறது, கிடங்கு கட்ட அருமையான இடம் என்றார். சர்வே நம்பரைக் கேட்டேன். கணக்குப்பிள்ளையிடம் போய்ப் பார்த்தால் ஏரிப் புறம்போக்கு. சர்க்கார் நிலம், தரகர் மட்டுமல்ல, யாருமே விற்கமுடியாது என்று சொன்னேன். அவருக்கு என்மேல்தான் சந்தேகம். ஐப்பசியில் நானே பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்க் கரைமேல் நிறுத்தினேன். நிறைந்து கிடந்த தண்ணீரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி வசதி உண்டான்னுதான் சார் கேட்டேன், இவ்ளோ கேக்கல."

கிஸ்தி கட்டியவர்

கவரைப்பேட்டைப் பக்கத்து முனிரத்தினம் நல்ல மனுஷன், குரல்தான் பெரிசு. ரோட்டோரத்து மேட்டு நிலம் முழுவதையும் பாக்டரிக்கு விற்க வந்தார். பட்டா அவர் பேரில், கத்தை கத்தையாகக் கிஸ்தி ரசீதும் அவர் பேரில். மூலப் பத்திரம் கேட்டேன். மறுநாள் கொண்டுவந்தார். அவருடைய நைனா வாங்கிய நிலம். தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்தாயிற்று. பிள்ளைகள் இரண்டு பேரில் இளையவனும் பிறகு குழந்தை இல்லாமல் இறந்துவிட்டான். அவன் மனைவிதான் குப்பம்மாள். அந்த நிலத்தில் கடலை போட்டுத்தான் அவள் பிழைப்பு.

பட்டா என்பது வரி வாங்க சர்க்கார் எழுதிவைத்த பேர். சொந்தம் யாருக்கு என்பதைப் பத்திரமும் வாரிசும்தான் சொல்லும். புருஷன் பாதி அவளுக்கு வந்துவிட்டது, அவளும் சேர்ந்து விற்றாலொழிய எழுதமாட்டேன் என்றேன். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வருசா வருசம் கிஸ்தி கட்டினது நானு. தம்பி பொண்டாட்டிக்கு நல்லது கெட்டது பாத்துக்கினு கீறதும் நானு. நீ இன்னா நடுவுல புதுப் பங்காளி?"

கட்டைவிரல்

அவர் நேரே பக்கத்து மேஜைக்குப் போனார். அடுத்தவன் மேஜையில் தலையை நீட்டக்கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். ஒரு வாரம் கழித்து அங்கே குப்பம்மாள் நின்றிருந்தாள், கட்டைவிரலில் மையோடு. படித்துக் காட்டியது என் காதில் விழுந்தது: விற்கிறவர் முனிரத்தினம் மட்டும். அவள் வெறும் சாட்சி. எங்கள் பக்கத்தில் இது பழைய வித்தை. நாளைக்குப் பாதி கேட்டு வந்தால், கண்ணெதிரே விற்றபோது ரேகை வைத்துவிட்டு இப்போது என்ன கேள்வி என்று மடக்கிவிடுவார்கள்.

தர்மமாவது ஒன்றாவது என்று எழுந்து போனேன். "நீ சாட்சி இல்லம்மா, பாதிக்குச் சொந்தக்காரி. வெரல் வெச்சா உட்டுக்குடுத்த மாதிரி ஆயிடும்" என்றேன். பக்கத்து மேஜைக்காரர் அதோடு ஆறு மாதம் என்னோடு டீ குடிக்கவில்லை. குப்பம்மாள் விரலை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். மூத்தார் முனிரத்தினத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "என் நெலம் போறத நானே பாத்தேன்னு ரேகை வெக்கவா மாமா என்னை இட்டுக்கினு வந்தீங்க?"

மூத்தவர் பிரிக்க, இளையவர் எடுக்க

அவள் விற்க மறுத்துவிட்டாள். முனிரத்தினம் தன் பாதியையாவது விற்கவேண்டுமானால் பாகப்பிரிவினை எழுதியாகவேண்டும். முறைத்துக்கொண்டே அவர் என்னிடம் திரும்பி வந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி மூத்தவர் பிரிப்பார், இளையவர் முதலில் எடுப்பார். அவர் கெட்டிக்காரத்தனமாகத்தான் பிரித்தார். ரோட்டுப் பக்கம் ஒரு பாகம், கிணற்றோடு பின்பக்கம் ஒரு பாகம். பயிர் வைக்கிறவள் கிணற்றை எடுப்பாள், ரோட்டுப் பக்கம் பாக்டரிக்குப் போகும் என்று நினைத்தார். குப்பம்மாள் யோசிக்கவே இல்லை. "கெணறு எங்க வேணா தோண்டிக்கலாம், ரோட்டத் தோண்ட முடியுமா? ரோட்டுப் பக்கம் எனுக்கு" என்றாள்.

முனிரத்தினம் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பின்பக்கத்துக்கு வேறு வழி கிடையாது. வழியில்லாத நிலத்தை எவன் வாங்குவான்? எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் நின்றிருந்தாள், அந்தப் பாதியை விற்றால்தான் கல்யாணம். அது குப்பம்மாளுக்கும் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தவள் என் பக்கம் திரும்பினாள். வழி உரிமையைப் பற்றிச் சட்டப் புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்வதை அவள் இப்படிச் சொன்னாள்: "மாமாவுக்கு லாரி போற அகலத்துக்கு வழி எழுதுங்க. வழியக் குடுத்துட்டேன்னு எழுதாதீங்க, போய் வரலாம்னு எழுதுங்க. மண்ணு என்னுது."

நான் எழுதிய பத்திரங்களிலேயே சிறந்த அந்த வரியை அவள் சொல்லச் சொல்ல எழுதிவிட்டு, அடியில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் கூச்சமே இல்லாமல் என் பேரைப் போட்டுக்கொண்டேன்.