படலையில் கேட்ட ‘தாயே’

இன்று காலை எங்கள் வேலிப் படலையில் கடைக்கார முருகேசர் நின்றார். கையில் தேர்தல் நோட்டீஸ், வாயில் தேன்.

“தாயே, எங்கடை ஐயாவுக்குப் பச்சை நிற வோட்டுப் பெட்டி. உங்கடை வோட்டை மறந்திடாதேங்கோ.”

தாயா? பெண்களுக்கும் வோட்டு வந்துவிட்டதல்லவா!

போன மாதம் கோயில் கூட்டத்துக்குச் சொல்ல வந்தபோது இதே மனிதர், “எடி பெட்டை, வீட்டிலை ஒருத்தரும் இல்லையோ?” என்று கேட்டார்.

கணவர் மலாயாவில். வீடும் புகையிலைத் தோட்டமும் என் பொறுப்பு. “நான் நிக்கிறன், சொல்லுங்கோ” என்றேன்.

“நான் ஆம்பிளையளைக் கேட்டனான்” என்று திரும்பிப் போய்விட்டார்.

‘எடி’ என்ற சொல்லோடு எனக்குக் கோபமில்லை. பக்கத்து வீட்டு மச்சாள் வேலிக்கு அப்பாலிருந்து நாள் முழுக்க ‘எடியே’ என்றுதான் கூப்பிடுகிறாள். கூடவே கறியும் தருகிறாள். முருகேசரின் ‘எடி’யில் நான் ஆளாகவே இல்லை. அவருடைய ‘தாயே’யிலும் என் வோட்டு மட்டும்தான் இருந்தது.

“என்ன தாயே, பச்சைப் பெட்டிதானே?”

“வீட்டிலை ஒருத்தரும் இல்லை, அண்ணை” என்று சொல்லிப் படலையைச் சாத்தினேன்.

பெறாமலே எனக்கு இன்று நரைத்த மகன் ஒருவர் கிடைத்தார். தோழிகளே, உங்கள் படலைக்கு எத்தனை பேர் வந்தார்கள்?