கீழே ஆள்

லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் போன் எடுப்பது என் வேலை. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் முதல் திட்டு எனக்குத்தான். அதை வாங்கிக்கொண்டு ஆள் அனுப்புவேன். மெக்கானிக்குகள் எப்போதும் ஜோடியாகத்தான் போவார்கள். அதில் ஒரு ஜோடிக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ, சைலன்சர். ரேடியோ வாயை மூட மாட்டான், சைலன்சர் அண்ணன் வாயைத் திறக்க மாட்டார்.

அண்ணன் பேசாததற்குக் கர்வம் காரணமில்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பேச ஆளில்லை, பழக்கம் விட்டுப்போயிற்று. கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து மகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வாள். மற்ற நாட்களில் ரேடியோவின் அரட்டைதான் கதி. எனக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. நான் நடப்பதைக்கூட நடித்துக்காட்டி எல்லோரையும் சிரிக்கவைப்பான். ஆனால் அண்ணன் சிரித்து நான் பார்த்ததெல்லாம் அவன் பக்கத்தில் இருந்தபோதுதான்.

வேலையில் ரேடியோ லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியில் இறங்குவான். அண்ணன் மேல்மாடியில் சுவிட்ச் பக்கம் நிற்பார். யாராவது தெரியாமல் கரண்டைப் போட்டுவிட்டால் லிஃப்ட் அவன் தலையில் வந்து இறங்கும். அதனால் அவன் அடிக்கடி "கீழே ஆள்" என்று கத்துவான். "இருக்கேன்" என்று மேலேயிருந்து பதில் வராமல் ஸ்பேனரைத் தொடமாட்டான். கீழே ஆள் இருக்கும்போது மேலே நிற்பவன் நகரக்கூடாது. மாமனார் இறந்த செய்தி வந்தபோதுகூட, ரேடியோ ஏறி வரும்வரை நின்றுவிட்டுத்தான் அண்ணன் கிளம்பினார்.

அப்படிப்பட்ட ரேடியோ ஒரு சாயங்காலம் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, தெருவைக் கடந்த ஒரு பள்ளிக்கூட ஆயாவை இடித்துத் தள்ளினான். நிற்காமல் போய்விட்டான். உடனே தூக்கிக்கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். போலீஸ் அவனைப் பிடித்து உள்ளே வைத்தது.

ஆபீசில் அத்தனை பேரும் அவனைக் கைகழுவிவிட்டோம். ரேடியோவின் மனைவி அண்ணனைத் தேடி ஆபீசுக்கே வந்தாள்.

"அண்ணே, வண்டியை வேற யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு அவர் சொல்லியிருக்காரு. அந்த நேரத்துல உங்ககூட வேலையில இருந்தாருன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"இல்லாததைச் சொல்ல மாட்டேன்மா."

"இத்தனை வருஷம் ஒண்ணா இருந்தீங்களே அண்ணே."

அவள் அழுதபடி போனாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "நல்லா சொன்னீங்கண்ணே. இனிமே அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்காதீங்க" என்றேன்.

"கீழே ஆள் கிடக்குது, விட்டுட்டுப் போயிட்டான்மா." அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இப்ப அவன் கிடக்கான்" என்றார்.

பொய் சொல்லாமல், சும்மா கோர்ட்டில் போய் உட்கார்ந்தால் என்ன என்று மகளிடம் கேட்டிருக்கிறார். அவள் சொன்னதை என்னிடம் அப்படியே ஒப்பித்தார். "செத்துப்போன அந்த ஆயாவுக்கும் ஒரு பொண்ணு இருக்காளாமேப்பா. நீங்க அவனுக்காகப் போய் உக்காந்தா அவ மூஞ்சியில எப்படி முழிப்பீங்க? போறதா இருந்தா சொல்லிடுங்க, நான் இனிமே போன் பண்ணல." மகள் பேச்சில் நியாயம் இருந்தது. அண்ணனும் இல்லையென்று சொல்லவில்லை.

கோர்ட்டுக்கு நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன், உள்ளதைச் சொல்கிறேன். அண்ணன் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். ரேடியோவின் மனைவி அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முன்வரிசையில் இருந்த ஆயாவின் மகள், இவர் யாரென்று யாரோ சொல்ல, ஒருமுறை முறைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அந்தப் பெரிய அறையில் அவரை வேண்டும் என்று நினைக்க ஒரு ஆள்கூட இல்லை.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று நீதிபதி கேட்டார். ரேடியோ வாயே திறக்கவில்லை. அவன் பேசாமல் நின்று நான் அன்றுதான் பார்த்தேன். கண் மட்டும் கூட்டத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

அண்ணன் எழுந்தார். "இருக்கேன்" என்றார், மாடியிலிருந்து குழிக்குக் கேட்கிற குரலில்.

"யாருய்யா அது, உக்காரு" என்று கோர்ட் சேவகர் அதட்டினார்.

ரேடியோ நீதிபதி பக்கம் திரும்பினான். "நான்தாங்க இடிச்சேன். அந்தம்மா கத்துனது காதுல விழுந்துச்சு. நிக்காம போயிட்டேன்."

ஆயாவின் மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெளியே வரும்போது அண்ணன் அவள் எதிரில் நின்றார். கைகூப்பினார். அவள் நிமிரவில்லை.

ரேடியோவுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அண்ணனுக்கு வேறு ஜோடி போட்டார்கள், அவரைவிடப் பெரிய சைலன்சர். இரண்டு பேரும் பேசாமல் போய்ப் பேசாமல் வந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி. காலையில் ஆபீஸ் போன் அடித்தது. "எந்தக் கட்டடம், எந்த மாடி?" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ராங் நம்பர் என்று வைக்கப்போனேன்.

"கீழே ஆள்மா" என்றார் அண்ணன்.

மகள் சொன்னபடியே கூப்பிடவில்லை என்று புரிந்தது.

"இருக்கேண்ணே" என்றேன்.