உப்புக்காற்றுக்கு அடைத்த ரயில் பெட்டி

என் மனைவியின் அண்ணன் கனடாவிலிருந்து வந்தபோது மாதிரி ரயில் பெட்டி ஒன்று கொண்டுவந்து தந்தார். ஒரு சாண் நீளம், சிவப்பு நிறம், அசல் போலவே ஜன்னல்கள். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"உள்ளுக்கு லைட் எரியிற பெட்டியும் இருந்தது மச்சான். உங்களுக்கு இது காணும்."

காணுமாம், போதுமாம். அந்தச் சொல்லை ஒன்றரை வருடம் மென்றுகொண்டிருந்தேன். ஐம்பது தாண்டியவனுக்கு விளையாட்டுச் சாமானில் என்ன ரோசம் என்று கேட்பீர்கள். தலைமயிர் போன பிறகு என்னிடம் எஞ்சியிருப்பது அதுதான். அவர் மறுபடி வருகிறார் என்று தெரிந்ததும் பெட்டியைக் கழற்ற உட்கார்ந்தேன்.

கூட வந்த தாளில் ஒரேயொரு படம். கூரைக்கு மேலே ஓர் அம்புக்குறி. அதை வரைந்தவர் வேறு கண்டத்தில் வசிப்பது அவருடைய அதிர்ஷ்டம். கூரையை உள்ளே ஆறு பிளாஸ்டிக் கொளுக்கிகள் பிடித்திருக்கின்றன. எங்கே என்று வெளியே தெரியாது. பழைய நூலக அட்டையை இடுக்கில் நுழைத்து நெம்பினேன். இரண்டு முறிந்த பிறகுதான் மற்ற நான்கும் இருக்கும் இடம் விளங்கியது. அந்த அட்டையால் நான் அடைந்த அறிவில் இதுவே மிகத் தெளிவானது.

வெசாக் பண்டிகை விளக்குக் கூடுகளுக்கு ஒட்டும் எல்.ஈ.டி. பட்டியில் ஒரு துண்டு கேட்டுக் கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளுக்குப் போனேன். எதற்கு என்று கடைக்காரர் விசாரித்தார். சொன்னேன்.

"கோச்சியகட்டத மாத்தயா?" என்று சிங்களத்தில், ரயிலுக்கா என்று, கடை முழுவதற்கும் கேட்கக் கேட்டார். கடை முழுவதும் சிரித்தது.

பட்டியைக் கூரையின் உட்புறம் ஒட்டினேன். கழிப்பறை இருக்கும் மூலையில் பற்றரி. அடியில் ஒரு சுவிட்ச். எரிந்தது. ஆனால் காலி ஆசனங்களுக்கு வெளிச்சம் போட்டு யாருக்கு என்ன? அதனால் ஒன்பது பயணிகளை வாங்கி, கண் பிதுங்க நிறம் தீட்டினேன். சேலை கட்டிய ஒரு அம்மா, கோப்புக் கட்டை மடியில் வைத்த கிளாக்கர், ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குபவர், நடுவழியில் கூடையோடு இறால் வடைக்காரர். அவர் உயரம் என் சுண்டுவிரல் நகத்தின் அளவு. மச்சான் குனிந்து அவரைப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அங்கேதான் என் வெள்ளவத்தைப் புத்தி வேலை செய்தது. கடற்கரைப் பக்கம் குடியிருக்கும் நாங்கள் எதைக் கண்டாலும் மூடுவோம். உப்புக்காற்று எங்கள் வீட்டில் இரண்டு ஃபேனையும் ஒரு மைக்ரோவேவையும் தின்றிருக்கிறது. டீவி ரிமோட் பொலித்தீன் பைக்குள் வாழ்கிறது. என் வயர்கள் மட்டும் தப்புமா? கூரையைச் சுற்றி, ஒரு நூல் இடைவெளி விடாமல், சூப்பர் குளூ பூசி அடைத்தேன்.

"பற்றரி முடிஞ்சா எப்பிடி மாத்துவியள்?" என்று மனைவி கேட்டாள்.

அதை நான் யோசிக்கவில்லை. "வாயை வச்சுக்கொண்டு சும்மா இருங்கோ" என்றேன்.

காலையில் ஜன்னல்கள் எல்லாம் வெள்ளை. அந்தப் பசை காயும்போது ஆவி விடுமாம். இடுக்கு இருந்தால் வெளியேறுமாம். இல்லாவிட்டால் கண்ணாடியில் பூக்குமாம். உப்பை வெளியே நிறுத்தி, விஷத்தை உள்ளே பூட்டியிருந்தேன். பசை செய்தவனைத் திட்டினேன், கடலைத் திட்டினேன். என்னைத் திட்ட மனைவி இருந்தாள்.

ஞாயிறு மதியம் மச்சான் சாப்பிட வந்தார். சுவிட்சைப் போட்டேன். பெட்டி பால் போத்தல் போல ஒளிர்ந்தது.

"அட, கண்ணாடிக்கு வெள்ளை அடிச்சிருக்கிறியள். கெட்டிக்காரன்! உள்ளுக்கு ஒண்டும் இல்லாதது தெரியாது."

ஒன்றும் இல்லையாம்! பாண் ரொட்டி வெட்டும் கத்தியை எடுத்தேன். "அண்ணா, தள்ளி நில்லுங்கோ" என்று மனைவி கத்தினாள். கூரை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி பருப்புக் கறிக்குள் விழுந்தது. விளக்கு அணைந்தது. பெட்டியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இவர் ஆர், வடைக்காரரோ?"

"ஓம்."

"பருப்பு வடையோ, இறால் வடையோ?"

"இறால்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.