சென்னம்மா அரப்பு

சங்ககிரியிலிருந்து ஓமலூர் வரைக்கும், வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகுகிற பெண்களுக்கெல்லாம் சென்னம்மாளின் முகம் தெரியும். பச்சைப் பாக்கெட்டின் நடுவில், பெரிய பொட்டும் ஒற்றை மூக்குத்தியுமாக அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். கீழே கொட்டை எழுத்தில் ‘சென்னம்மா அரப்பு’.

அந்தப் பெயரை வைத்தவர் அவள் புருஷன் குருமூர்த்தி. சாமி படம் போடலாமே என்று அவள் சொன்னபோது மனுஷன் ஒத்துக்கொள்ளவில்லை. “சாமி படத்தைக் குளிக்கிற எடத்துல கிழிச்சு வீசுனா பாவம். உன்ற மூஞ்சின்னா ஒரு பாவமும் இல்ல” என்றார். அவள் கையிலிருந்த முறத்தால் ஓங்கினாள். ஆனாலும் போட்டோக்காரர் வந்த அன்று பட்டுச்சேலைதான் கட்டியிருந்தாள்.

மலையடிவாரத்துப் பெண்கள் பறித்துவரும், சீயக்காய் போலத் தலைக்குத் தேய்க்கும் அரப்பிலையை நிழலில் காயவைத்து, அரைத்து, சலித்துக் கட்டுவது சென்னம்மாளின் பாடு. குச்சியோ மண்ணோ இருந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவாள். கடைகளுக்குக் கொண்டுபோவது நந்தகுமாரின் பாடு. சேலத்து மொத்த வியாபாரி. அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன். விற்பனை முழுக்க அவன் கம்பெனி பில்லில்தான் போனது. வரிக் கணக்குத் தொல்லை நமக்கெதற்கு என்று குருமூர்த்திதான் அப்படி ஏற்பாடு செய்திருந்தார்.

எடப்பாடிப் பக்கம் எவனோ அதே பெயரில் போலி பாக்கெட் விட்டபோது, குருமூர்த்தி கோபம் தாளாமல் சேலத்துக்குப் போய்ப் பெயரை டிரேட்மார்க் பதிவு செய்துவிட்டு வந்தார். கூடப் போனவன் நந்தகுமார். பதிவு பத்து வருஷத்துக்கு. அதன் பிறகு புதுப்பிக்க வேண்டும். பத்து வருஷம் என்பது அன்றைக்கு வெகு தூரத்தில் இருந்தது.

அது முடிந்த பங்குனி மாதத்தில் குருமூர்த்தி ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். புதுப்பிக்கச் சொல்லி வந்த செய்திகள் அவர் போனில் கிடந்தன. போன் சார்ஜ் இல்லாமல் சென்னம்மாளின் கைப்பையில் கிடந்தது. வைகாசியில் அவர் போய்ச் சேர்ந்தார்.

ஆனியில், முன்பு பதிவு செய்துகொடுத்த வக்கீல் தேவிப்ரியா கூப்பிட்டாள்.

“சென்னம்மாங்களா? பதிவு பங்குனியிலயே முடிஞ்சுபோச்சும்மா. இப்ப வந்தீங்கன்னா அபராதத்தோட புதுப்பிச்சரலாம். சார் இல்லாததனால உங்க பேருக்கும் மாத்தணும். வாரிசுச் சான்றிதழ் எடுத்துட்டு வாங்க.”

அந்த வீட்டில் செத்தவர் பெயரை வருஷம் முடிவதற்குள் எதிலிருந்தும் எடுக்கமாட்டார்கள். ரேஷன் கார்டில் அவர் இருந்தார், கேஸ் புத்தகத்தில் இருந்தார், கரண்ட் பில் அவர் பெயருக்குத்தான் வந்தது. வருஷத் திதி கொடுக்கும்வரை மனுஷன் வீட்டைச் சுற்றிக்கொண்டிருப்பார், பெயரை அடித்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது போல என்பது அவர்கள் எண்ணம்.

“வருசந் திரும்பட்டுஞ் சாமி. அவரு பேர அதுக்குள்ள எப்படி எடுக்கறது?”

“சரிம்மா, ஆனா ஒரு வருஷம்தான் டைம். அதுக்கு மேல மீட்க முடியாது.”

“ஒரு வருசந்தானே? வந்தர்றேன் சாமி.”

தேவிப்ரியா சொன்ன வருஷம் பங்குனியில் தொடங்கியது. சென்னம்மாள் எண்ணிய வருஷம் வைகாசியில் தொடங்கியது. சட்டத்தின் வருஷம் ஒரு தாளிலிருந்து கிளம்பும். அவளுக்கோ வருஷம் என்றால் அவர் போன நாளிலிருந்துதான். தேவிப்ரியா இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள். இரண்டு தடவையும் இதே பேச்சு. அதற்குமேல் ஒரு வக்கீல் என்ன செய்வாள், வீட்டுக்கு வந்து கையைப் பிடித்து இழுப்பாளா?

தீபாவளி அந்த வீட்டில் இல்லை. ஆறுதல் சொல்ல வந்த நந்தகுமார் காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டான்.

“டிரேட்மார்க் என்னாச்சுக்கா? புதுப்பிச்சிட்டீங்களா?”

“எங்க கண்ணு, இன்னும் இல்ல. வைகாசில திதி குடுத்துப்போட்டுத்தான் எல்லாம்.”

“அதுவும் சரிதானுங்க்கா. மாமா பேராச்சே.”

பாடை தூக்கிய தோள் அவனுடையது. அவனிடம் மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவனும் வருஷம் முடியத்தான் காத்திருந்தான். ஆனால் அவன் சரியான வருஷத்தை எண்ணினான். சித்திரையில் அவன் பெயரில் புது விண்ணப்பம் போனது.

வைகாசியில் திதி கொடுத்து, காக்காய்க்குச் சோறு வைத்து, மறுநாள் சென்னம்மாள் பையில் எல்லாச் சான்றிதழ்களோடும் சேலத்துக்கு பஸ் ஏறினாள். தேவிப்ரியா கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

“நீங்க பங்குனிக்குள்ளயே வந்திருக்கணும்மா.”

“நேத்துதானே சாமி வருசம் முடிஞ்சுது?”

அந்தப் பெண் பாவம், கண் கலங்கிவிட்டாள். எதிர்த்து மனுப் போடலாம், நாம்தான் முதலில் விற்றோம் என்று நிரூபிக்கலாம் என்றாள். பழைய பதிவுத் தாள் மட்டும் போதாது, விற்றதை நிரூபிக்க பில் வேண்டும். பில்லெல்லாம் நந்தகுமார் கம்பெனி பெயரில். மனு போட்டார்கள். அது இன்னும் நடக்கிறது. எப்போது முடியும் என்று கேட்டால் தேவிப்ரியா பேச்சை மாற்றுகிறாள்.

நந்தகுமார் ஒரே ஒரு தடவை வந்தான். வாசலைத் தாண்டவில்லை.

“படத்துக்கு மட்டும் உங்க சம்மதம் வேணுமாமுங்க்கா. ஒரு கையெழுத்து. மாசாமாசம் ஒரு தொகை குடுத்தர்றேன்.”

“எம்பட மூஞ்சிய நான் குடுக்கமாட்டேன். போயிரு கண்ணு” என்றாள். அப்போதும் கண்ணு என்றுதான் வந்தது வாயில். அதற்காக அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

முகம் இல்லாவிட்டால் பாக்கெட் போகாது என்று அவள் நம்பியிருந்தாள். நந்தகுமார் வேறொருத்தியின் முகத்தைப் போட்டான். அதே பச்சை, அதே பெரிய பொட்டு, அதே பெயர். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சென்னம்மாள் தன் பாக்கெட்டுகளோடு கடைகடையாக ஏறியபோது, “ரெண்டு சென்னம்மாவ வெச்சுட்டு நான் என்ன பண்றதுங்க? உங்களுது டூப்ளிகேட்டுன்னு நந்தகுமார் சொல்றாரு” என்று கையை விரித்தார்கள். வேறு வழியில்லாமல் ‘குருமூர்த்தி அரப்பு’ என்று புதிதாக அச்சடித்தாள். இலை பறிக்கிற பெண்களில் பாதிப்பேரை நிறுத்த வேண்டியதாயிற்று. அதைச் சொல்லும்போது அவளால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போன மாதம் ஓமலூர்ச் சந்தையருகே ஒரு மளிகைக் கடையில் தன் புதுப் பாக்கெட்டுகளோடு நின்றிருந்தாள். கல்லாவில் இருந்த அன்பரசு புது ஆள்; அவளை முன்பின் அறியாதவன். அப்போது ஒரு பெண் உள்ளே வந்து, பிரித்த பச்சைப் பாக்கெட் ஒன்றைப் பலகைமேல் போட்டாள்.

“ஏனுங்க, இதென்ன அரப்பா, மண்ணா? தலையெல்லாம் நறநறங்குது. முன்னெல்லாம் எத்தனை நல்லா இருக்கும்! அந்தச் சென்னம்மாவுக்குக் காசாச முத்திப்போச்சு. நல்லா இருப்பாளா அவ?”

சென்னம்மாள் பலகையைப் பிடித்துக்கொண்டாள். நான் இல்லை, அந்த முகத்தைப் பாருங்கள், அது நான் இல்லை என்று கத்தவேண்டும் போல இருந்தது.

அன்பரசு சமாளிக்கப் பார்த்தான். “கோவிச்சுக்காதீங்க. இதா, இந்தம்மா புதுசா ஒரு அரப்பு கொண்டாந்திருக்காங்க. இதப் போட்டுப் பாருங்க.” பிறகு இவள் பக்கம் திரும்பினான். “உங்க பேரு என்னங்கம்மா?”

அந்தப் பெண்ணும் பதிலுக்காக அவளுடைய பொட்டில்லாத முகத்தைப் பார்த்தாள். சென்னம்மாள் தன் பாக்கெட் ஒன்றை அந்தப் பெண் பக்கம் நகர்த்தினாள்.

“குருமூர்த்தி ஊட்டுக்காரிங்க” என்றாள்.